தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல்

சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே ரிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போகும் வசதி 1914இல் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட, ரயில் தனுஷ்கோடியைத் தொட்டது. இலங்கைக் கரையில் தலைமன்னார் வரை தண்டவாளம் போட்டாயிற்று. நடுவிலிருந்த ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கப்பல் இரண்டு மணித்தியாலத்தில் கடந்துவிடும். அதற்கு முன் தூத்துக்குடியில் ஏறினால் கொழும்பு வரை ஓரிரவு கடலில்தான். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனி வெள்ளைக்காரக் கம்பனியோடு மல்லுக்கு நின்றதும் அந்தப் பழைய பாதையில்தான்.

தொடக்ககால நீராவிக் கப்பல்கள் பலவற்றுக்கு இருபக்கமும் துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. இதுபோன்ற குறுகிய கடலைக் கடக்க 1821இல் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேக்கு ஓடத் தொடங்கியது அவ்வகைக் கப்பல். ஆனால் அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் நீரில் அமிழும், மற்றது வெறும் காற்றில் சுற்றும். ஆகவே தென்னிந்திய ரயில்வேக்காகக் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய மூன்றும் நீருக்கடியில் சுழலும் விசிறியால் ஓடின. மூன்றுக்கும் வைசிராய்களின் பெயர்கள்!

வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்தக் கப்பலில் போவது சொகுசுப் பயணம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களின் கதை வேறு. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோய் பார்த்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற விட்டார்கள். கங்காணிகள் ஊரில் ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணி முறைக் காலத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லைதான் அவர்களின் பயணச்சீட்டு. அந்தச் செலவும் கடைசியில் அவர்கள் கடனிலேயே ஏறியது. இந்தக் கப்பலின் வரலாற்றில் முதலில் பேசப்பட வேண்டியவர்கள் அவர்களே.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. இரண்டு மாதம் முடியுமுன், டிசெம்பர் 22ஆம் திகதி இரவு புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு கடலில் போயிற்று. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. அந்த ஒப்பந்தப்படி நாடு திரும்பியவர்கள் பலர் 'இராமானுஜம்' கப்பலில்தான் போனார்கள். இலங்கையில் யுத்தம் மூண்டு 1984இல் அதுவும் நின்றது.

2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. தலைமன்னாருக்கோ 2015இல் ரயில் திரும்பி வந்தது. கப்பல் இன்னும் வரவில்லை.