தேரடி என்றால் சென்னைக்குத் தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் யாராவது மயங்கி விழுந்தால் 108 ஆம்புலன்ஸ் சேவைக்குப் போகும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்: “தேரடிக்கு வாங்க, சீக்கிரம்!” அதோடு போன் வைக்கப்படும். ராஜபாளையத்தில் அதுவே “பஞ்சு மார்க்கெட் பக்கம்” என்றாகும்.

அழைப்பை எடுப்பவர் உட்கார்ந்திருப்பதோ சென்னையில். 2008 செப்டம்பரில் சேவை தொடங்கியது முதல் தமிழகம் முழுவதற்கும் இதே எண்தான். தேரடி இல்லாத ஊர் எது?

சொல்ல வேண்டிய வரிசை இது: விருதுநகர் மாவட்டம், ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம், ஊர், தெரு, கடைசியாகத்தான் கோவிலோ மார்க்கெட்டோ. கொல்லம் நெடுஞ்சாலையில் விபத்து என்றால் மதுரை போகும் பக்கமா, தென்காசி போகும் பக்கமா என்பதையும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று கேட்பார்கள். “கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்துறாங்க” என்று கத்துவதில் பயனில்லை. அவர்கள் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.

அடுத்த தவறு இதைவிட மோசம். வழி கேட்டு ஆம்புலன்ஸில் இருந்து கூப்பிடுவார்கள். புது எண் என்று பலர் எடுப்பதில்லை! 108-ஐ அழைத்த போனிலேயே சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அதற்கு வேறு போன் இருக்கட்டும். ஒருவர் தெருமுனையில் நிற்கட்டும்.

“நேரே மதுரைக்கு விடுங்க” என்று ஓட்டுநரிடம் மல்லுக்கு நிற்பதும் வேண்டாம். முதலுதவிக்கு ஏற்ற அருகிலுள்ள மருத்துவமனைக்கே வண்டி போகும். கட்டணம் கிடையாது.

விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலிலேயே தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த விதி. எத்தனை வாசலில் அந்தப் பலகை கண்ணில் படுகிறது?

சாலை விபத்தென்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி தாமதமானாலோ, யாராவது பணம் கேட்டாலோ அழைத்த நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்து அரசின் குறைதீர் எண்ணான 1100-க்குச் சொல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் தரலாம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

வீட்டு முகவரியை மாவட்டம், வட்டத்தோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புது எண்ணில் இருந்து போன் வந்தால் எடுங்கள்.