ஆளோலையும் மின்னொப்பமும்



கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளைக் கண்டிருப்பீர்கள். படிப்பு முடிந்தபின் உங்களில் பலர் அத்தகைய ஆலையிலோ, தொலைவிலுள்ள நகரத்தின் அலுவலகத்திலோ பணியேற்பீர்கள். அன்று உங்கள்முன் ஒரு பணி ஒப்பந்தம் வைக்கப்படும். முன்பு அது தாளாக வந்தது. இன்று பெரும்பாலும் செல்பேசித் திரையில் வருகின்றது. அவ்வொப்பந்தத்தை உருவாக்கி ஒப்பம் பெறும் கணினிக் கருவி எவ்வாறு திருத்தி அமைக்கப்படல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழைய வழக்கை நினைவுகூர்வோம். சேக்கிழார் தில்லையின் ஆயிரக்கால் மண்டபத்திலிருந்து பாடினார் என்று மரபு கூறும் பெரியபுராணத்தில் வருவது அது. திருநாவலூர்ச் சுந்தரருக்குப் புத்தூரில் மணவிழா. அங்கே முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்று ஓர் ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலைதான், மூலவோலை தம்மிடமே உள்ளது என்றார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவ்வூர் பெண்ணையாற்றங்கரையில் உள்ளது. அதே ஆறுதான் கடலூரருகே கடலில் கலக்கின்றது.

அவையோர் செய்தவற்றைக் கவனியுங்கள். ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். ஓலையைக் கணக்கர் பலரும் கேட்க வாசித்தார். சாட்சியிட்டோர் தம் எழுத்தைக் கண்டு உறுதி கூறினர். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை, காப்பிலிருந்த அவரது மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் பின்னரே தீர்ப்பு. வழிவழியாக மனிதரை அடிமைப்படுத்தும் ஓலைக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆயினும் ஆவணத்தை ஆராய்ந்த அந்த முறை இன்றும் நமக்குப் பாடமாகும்.

அவ்வவையை வருத்திய ஐயங்கள் இரண்டு. எழுதியவர் இவர்தாமா? எழுதியது மாறாமல் இருக்கின்றதா? இவ்விரண்டுக்கும் இன்றைய கணிதம் விடை கண்டுவிட்டது. ஓர் ஆவணத்தை முழுவதும் ஒரு கணித முறைக்குள் செலுத்தினால், குறித்த நீளமுடைய ஒரு சுருக்கெண் கிடைக்கும். பெரிதும் வழங்கும் ஒரு முறையில் அதன் நீளம் 256 துணுக்குகள். ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சுருக்கெண் முற்றிலும் வேறாகிவிடும். ஒப்பமிடுவோரிடம் இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்று அவர் மட்டுமே வைத்திருப்பது. அதனால் அவர் சுருக்கெண்ணுக்கு முத்திரையிடுகின்றார். மற்றது யாவரும் அறியக்கூடியது. அதைக்கொண்டு எவரும் அம்முத்திரையைச் சோதிக்கலாம். அத்திறவுகோல் இன்னாருடையது என்பதற்கு உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் பொறுப்பு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னொப்பத்துக்குச் சட்ட மதிப்பளித்தது. மின்னணு வழியில் ஆனது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்று 2008ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

ஆனால் மூன்றாவது ஐயம் ஒன்று உண்டு. ஒப்பமிட்டவர் அதைப் புரிந்துகொண்டாரா? இதற்கு எந்தத் திறவுகோலும் விடை தருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் முகம் வாடி என் வீட்டுக்கு வந்தான். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வேலையை விட முடியவில்லை. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டுமாம். "பாண்டில் கையெழுத்திட்டாயா, தம்பி?" என்றேன். "இல்லை ஐயா, செல்பேசியில் விரலால் தொட்டேன், அவ்வளவுதான்" என்றான். அதுதான் கையெழுத்து என்பதை அவன் அறியவில்லை. பிரதியும் அவனிடம் இல்லை. அனுப்பிய இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிட்டது. எழுதிக் கேட்டு வாங்கினோம். இருபது பக்க ஆங்கிலம். பதினான்காம் பக்கத்தில் அந்த நிபந்தனை இருந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் "ஒப்புக்கொள்கிறேன்" என்னும் பொத்தான் முதல் திரையிலேயே பெரிதாக இருந்தது. பையன் அவ்வாண்டு படிப்பில் சேரவில்லை.

இத்தகைய கருவியைத் திருத்துவோர் விரைவு ஒன்றையே நோக்கினால், பழைய பிழை இன்னும் விரைவாக நடக்கும், அவ்வளவே. மாதிரிப் படிவத்தில் பெயர், பதவி, ஊதியம் ஆகியவற்றைத் தானே நிரப்பும் வசதி நல்லதுதான். முந்தியவரின் ஊதியம் அடுத்தவர் தாளில் தங்கிவிடும் தவறு அதனால் குறையும். அதனோடு நான்கு செயல்கள் வேண்டும். ஊதியம், வேலை நேரம், விலகும் முறை, கட்ட நேரும் தொகை ஆகியவை தாய்மொழியில் ஒரே பக்கத்தில் முதலில் வருதல் வேண்டும். படிக்க இயலாதார்க்கு அதை ஒலியாக வாசித்துக் காட்டுதல் வேண்டும். வெண்ணெய்நல்லூர்க் கணக்கர் செய்தது அதுவே. வீட்டாரைக் கலந்து, ஐயம் கேட்டுத் தெளிய, ஓரிரு நாள் தவணை வேண்டும். ஒப்பமிட்ட கணமே முழுப் பிரதி, காலாவதியாகாத வகையில், பணியாளர் கைக்கு வருதல் வேண்டும். மூலவோலை ஒருவரிடமும் வெறுங்கை மற்றவரிடமும் இருப்பது முறையன்று. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. கடிதம் கிடைத்தால் போதாது. அது விளங்கவும் வேண்டும்.

பிறரைக் குறைகூறி முடிக்க எனக்கு மனம் இடந்தரவில்லை. தலைமையாசிரியனாக இருந்த நாளில், சேர்க்கைக் காலத்தில், எழுத்தறியாப் பெற்றோர் எத்தனையோ பேரிடம் "இங்கே வையுங்கள் அம்மா" என்று பெருவிரலைப் பிடித்துப் படிவத்தில் பதித்திருக்கின்றேன். அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று ஒருவருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. வரிசை நீளமாக இருந்தது. நேரமில்லை என்று எண்ணினேன். அவர்களும் என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் செலுத்தாத கடன் இன்னும் நிற்கின்றது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை இத்தகைய கருவிகளை அமைப்பீர்கள். பலர் அவற்றில் ஒப்பமிடுவீர்கள். அமைப்போர், எழுத்தறியாத ஒரு தாயை எதிரில் அமர்த்திச் சோதித்துப் பாருங்கள். ஒப்பமிடுவோர், விரல் வைக்குமுன் வாசியுங்கள், விளங்காததைக் கேளுங்கள், பிரதியைப் பெற்றுப் பேணுங்கள்.