அம்புக்குறி ஏன் மூலைக்கு ஓடுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும்போது மவுஸ் ஏன் பித்துப் பிடித்ததுபோல் தாவுகிறது?" என்று நெறியாளர் கேட்டார். கேள்வி சின்னதாகத் தெரியலாம். பேராக்கில் அது சின்னதல்ல.

நம் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதி. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்துக் கோயில் கணக்கு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் என்று 1990களில் தட்டச்சு செய்தவை இன்னும் சிலர் வீட்டில் உண்டு. யூனிகோடு பரவாத காலம் அது. டிஸ்கி, டாம், டாப் என்று குறியீடுகள் பல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டியவர்களும் உண்டு, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவர்களும் உண்டு. அந்தக் கோப்புகளைப் பழைய முகத்தோடு திறக்க, புதிய கணினிக்குள் விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக ஓட்டுவது நல்ல வழி. (எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு இணையத் தொடர்பு கொடுக்காதீர்கள்.)

அங்கே மவுஸ் தாவினால், திறக்கப் போன கோப்பை அழித்துவிடலாம். அது ஒரே பிரதியாக இருந்தால் தோட்டத்தோடு அதுவும் போயிற்று. ஆகவே எதையும் நோண்டுவதற்கு முன், மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அதன் கோப்புறை முழுவதையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம். பெரட்டில் கங்காணி ஒருவருக்கு வேலையிடம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "பத்தாம் நிரை, ஏழாவது மரம்" என்றால் எங்கிருந்து புறப்பட்டாலும் அதே மரத்துக்குத்தான் போவார். "வலப்பக்கம் இருபது அடி, முன்னால் முப்பது அடி" என்றால், அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து எங்கேயோ போய் நிற்பார். சாதாரண மவுஸ் இரண்டாவது மாதிரி. எவ்வளவு நகர்ந்தேன் என்று மட்டும் சொல்லும், எங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. வெளிக் கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது, உள்ளே எக்ஸ்பி தன் வேகத்துக்கு ஏற்ப இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டும் பிசகும்போது அம்புக்குறி தாவுகிறது.

இது உச்சத்துக்குப் போவது வார இறுதியில்தான். பிள்ளை கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தொலைவிலிருந்தே அப்பாவின் ஈப்போ கணினிக்குள் நுழைந்து எக்ஸ்பியைத் தொடுவார். அம்புக்குறி விர்ரென்று மூலைக்கு ஓடிவிடும். இருவரும் மவுஸைத் திட்டுவார்கள், மவுஸ் பாவம். தொலை இயக்க மென்பொருள் பெரும்பாலும் "இந்த இடம்" என்று மரத்தின் எண்ணைச் சொல்கிறது. மெய்நிகர் கணினியோ "எத்தனை அடி" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எண்ணை அடியாக எடுத்துக்கொண்டால் மூலையைத் தவிர வேறெங்கே போகும்?

முதலில் எக்ஸ்பி சன்னலுக்கு வெளியே மவுஸை நகர்த்திப் பாருங்கள். வெளியிலும் தாவினால் கோளாறு மவுஸில்தான். கண்ணாடி மேசையில் ஒளி மவுஸ் தடுமாறும். அடியில் ஒரு தாளை வையுங்கள். கம்பியில்லா மவுஸின் சிறு செருகி யுஎஸ்பி 3.0 வட்டுக்கு அருகில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கலக்கும், தள்டிச் செருகுங்கள்.

உள்ளே மட்டும் தாவினால், வெர்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் "கெஸ்ட் அடிஷன்ஸ்" என்ற துணை மென்பொருளை எக்ஸ்பிக்குள் நிறுவ வேண்டும். விஎம்வேரில் அதன் பெயர் "விஎம்வேர் டூல்ஸ்". இது வந்தால் இரு பக்கமும் மரத்தின் எண்ணிலேயே பேசிக்கொள்ளும். நிறுவ முடியவில்லையா? எக்ஸ்பியை அணைத்து, வெர்சுவல்பாக்ஸ் அமைப்புகளில் "சிஸ்டம்" பகுதியில் "பாயிண்டிங் டிவைஸ்" என்பதைப் பிஎஸ்/2 மவுஸிலிருந்து யுஎஸ்பி டேப்லெட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். "இன்புட்" பட்டியலில் "மவுஸ் இன்டகிரேஷன்" இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

யுஎஸ்பி பட்டியலில் மவுஸையே எக்ஸ்பிக்குத் தாரை வார்த்துவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம் வெளிக் கணினிக்கு மவுஸே இருக்காது. அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். தாவாமல் திக்கித் திக்கி நகர்ந்தால் காரணம் வேறு: கணினியின் நினைவகத்தில் பெரும்பகுதியை எக்ஸ்பிக்குக் கொடுத்திருப்பீர்கள். குறையுங்கள்.

அம்புக்குறி உள்ளே மாட்டிக்கொண்டால் வெர்சுவல்பாக்ஸில் வலது கண்ட்ரோல் விசை, விஎம்வேரில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து. மவுஸ் அடியோடு ஒத்துழைக்காதபோது, பதறிப்போய் மின்சுவிட்சை அணைக்காதீர்கள். வெர்சுவல்பாக்ஸில் வலது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எச் விசையைத் தட்டினால், எக்ஸ்பி பெரும்பாலும் முறைப்படி தானே அணைந்துவிடும்.