ஒல்லாந்த மொழியில் உடைமைச் சொல்லும் வினைத்தெரிவும்

ஒல்லாந்த மொழியைக் கற்கப் புகும் தமிழ் மாணவனுக்கு அதன் உடைமைச் சொற்கள் முதலில் எளியனவாகவே தோன்றும். 'மெயின்' என்பது என்னுடைய, 'ஸெயின்' அவனுடைய, 'ஹார்' அவளுடைய, 'ஹன்' அவர்களுடைய. 'ஸெயின்' என்னும் அதே வடிவம் 'இருத்தல்' என்னும் வினைக்கும் உரியது. 'ஹார்' தலைமயிரையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள்கொள்ளின் மயக்கம் நேராது.

இடர்ப்பாடு தன்மைப் பன்மையிலேயே தோன்றுகின்றது. தமிழில் முன்னிலையாரை உட்படுத்தின் 'நமது' என்றும், நீக்கின் 'எமது' என்றும் கூறுவோம். உடையார் யாவர் என்பதே அங்கு கருதப்படுவது. ஒல்லாந்தமோ உடையாரை நோக்காது உடைமைப் பொருளை நோக்குகின்றது. அம்மொழியின் பெயர்ச்சொற்கள் 'டெ' என்னும் முன்சொல்லைப் பெறுவன, 'ஹெற்' என்பதைப் பெறுவன என இருவகைப்படும். 'ஹெற்' பெறும் ஒருமைப் பெயரின் முன் 'ஒன்ஸ்' வரும். ஏனையவற்றின் முன்னும் பன்மை யாவற்றின் முன்னும் 'ஒன்ஸெ' வரும். ஆகவே எமது வீடு 'ஒன்ஸ் ஹௌஸ்'. எமது பாடசாலை 'ஒன்ஸெ ஸ்ஹோல்'. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களே இதற்கு நல்ல சான்றாகும். நம் 'கந்தோர்' அவர்தம் 'கன்ரோர்'. அது 'ஹெற்' வகையாதலின் 'ஒன்ஸ் கன்ரோர்' என்க. மேசையறையைக் குறிக்கும் 'லாடெ' மற்றை வகையினது. எனினும் அதன் சிறுமைப் பெயராகிய 'லாச்செ', அதாவது நம் 'லாச்சி', 'ஹெற்' வகையாகிவிடும். சிறுமைப் பெயர்கள் யாவும் அவ்வகையினவே.

வினையிலும் பொருளின் நிலையே சொல்லைத் தெரிகின்றது. புத்தகம் மேசைமேல் 'இருக்கிறது' என்பதோடு தமிழன் அமைவான். ஒல்லாந்தனுக்கு அது படுத்திருப்பின் 'லிகன்' (கிடத்தல்). தட்டில் நிமிர்ந்திருப்பின் 'ஸ்ரான்' (நிற்றல்). பொதுவினையாற் கூறினும் கேட்போர்க்கு விளங்கும். ஆயினும் அந்நியர் பேச்செனத் தெரிந்துவிடும். உணவுக்கோப்பை தட்டையானதாயினும் அடியுடைமையால் 'நிற்கும்', பத்திரிகையிற் செய்தியும் 'நிற்கும்', நகரங்கள் 'கிடக்கும்', சட்டைப்பையிலுள்ள திறப்போ 'சிற்றன்', அஃதாவது 'உட்கார்ந்திருக்கும்'. ஒன்றனுள் அடங்கியவற்றுக்கு இவ்வினையே பெரிதும் வழங்கும்.

'தெரியும்' என்பதும் அங்கு இரண்டாகப் பிரியும். ஆளையோ ஊரையோ பழகியறிதல் 'கெனன்'. செய்தியை அறிதல் 'வேற்றன்'. அம்ஸ்ரடாம் நகரில் வாழ்ந்து பழகியவன் முன்னதைக் கூறுவான். அது நெதர்லாந்தின் தலைநகர் என்று மட்டும் அறிந்த மாணவன் அச்செய்தியைப் பின்னதனாற் கூறுவான்.