பத்து வினாடி பிசகினால்

நுங்கம்பாக்கம் என்ற பெயர் மழைக்காலத்தில்தான் தமிழ்நாடு முழுக்கக் காதில் விழும். நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று செய்தியில் சொல்வார்கள். அந்த மழையை அளக்கும் இடம் கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை ஆய்வு மையம். மற்ற நாட்களில் வாசலில் காவலர் நிறுத்துவார். மார்ச் 23, உலக வானிலை நாள். அன்று வழக்கமாகப் பொதுமக்களை உள்ளே விடுவார்கள்.

போகிறவர்களில் பெரும்பாலோர் மழைமானியையும் புயல் படங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 15 அடி உயரம், 10 டன் எடை. மேலே போகப் போகச் சற்றே மெலியும். சிற்பம் கிடையாது, பூவேலை கிடையாது. உடம்பில் எழுத்து மட்டும் உண்டு: லத்தீனோடு தமிழும் தெலுங்கும். கோயில் தூண் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சிற்பி பாதியில் விட்டுப்போன கல் மாதிரித் தெரியும்.

வருடத்தில் சில நாள் பழைய கட்டடங்களின் பூட்டைத் திறந்து ஊராரை உள்ளே அழைக்கும் வழக்கத்தை 1984-ல் பிரான்ஸ் தொடங்கியது. பிறகு அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம்மிடமும் அதன் சாயல் உண்டு. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாளில் தொல்லியல் துறையின் சின்னங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டிப் பாரம்பரிய நடைகள் நடக்கும். அந்த நடைகளில் கூட்டம் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் குவிமாடத்தையும் வண்ணக் கண்ணாடியையும்தான். அதில் தவறில்லை, அழகாக இருக்கட்டும் என்றுதானே கட்டினார்கள். நுங்கம்பாக்கத்துக் கல்லை நட்டது அழகுக்காக அல்ல. அது ஒரு கருவியின் கால்.

1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். பின்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792-ல் கம்பெனியின் அளவையாளர் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பி, நடுவில் இந்தத் தூணை நிறுத்தினார். கம்பெனிக்கு நட்சத்திரத்தின் மேல் காதல் ஒன்றுமில்லை. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் தரைதட்டிக்கொண்டிருந்தன. கடல் வரைபடம் வேண்டும். அதற்குச் சென்னை உலக உருண்டையில் சரியாக எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வடக்கு தெற்கு நிலையை அறிவது எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் ஏறத்தாழ விடை கிடைத்துவிடும். கிழக்கு மேற்குதான் வம்பு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கிரீன்விச்சில் மணி என்ன, அதே நொடியில் சென்னையில் மணி என்ன என்ற வித்தியாசம் தெரிந்தால் தீர்க்கரேகை கையில் வந்துவிடும். அதாவது இடத்தை அளக்க நாடா வேண்டாம், கடிகாரம் போதும். சென்னை அட்சரேகையில் பூமியின் மேற்பரப்பு வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஒரு வினாடி பிசகினால் ஊர் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

உள்ளூர் நேரத்தைச் சொல்வது யார்? நட்சத்திரம்தான். ஒரு தொலைநோக்கியை வடக்கு தெற்காக மட்டுமே ஏறி இறங்கும்படி பொருத்திவிடுவார்கள். இடம் வலம் அசையாது. நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது குழலுக்குள் கட்டியிருக்கும் மெல்லிய இழைகளைத் தாண்டிப் போகும். பார்ப்பவர் கண்ணை நட்சத்திரத்திலும் காதை ஊசல் கடிகாரத்தின் டிக் ஒலியிலும் வைத்து, எந்த டிக்குக்கும் எந்த டிக்குக்கும் நடுவில் இழையைத் தொட்டது என்று வினாடியின் பின்னம் வரை குறித்துக்கொள்வார். இருட்டில், கொசுக்கடிக்கு நடுவே, இரவுக்கு இரவு.

இந்த வேலையில் தொலைநோக்கி மயிரிழை அசைந்தாலும் கணக்கு கெட்டது. பக்கத்தில் ஒருவர் நடந்தால் தரை அதிரும், காற்றடித்தால் சுவர் அதிரும். அதனால்தான் கருவியை வீட்டின் மேல் வைக்காமல் நிலத்தின் மேல் வைத்தார்கள். இத்தகைய தூண்கள் தரையையோ சுவரையோ தொடாமல், தனி அஸ்திவாரத்தில் நிற்கும். கட்டடம் அதைச் சுற்றி ஒரு சட்டை மாதிரி. சட்டை நுங்கம்பாக்கத்தில் எப்போதோ கிழிந்து போயிற்று. தூண் மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் அருகே துடித்த கடிகாரங்களில் ஒன்று லண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்டன் செய்தது. இப்போது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது.

இத்தனை பாடுபட்டும் பிசகியது. உள்ளூர் நேரம் சரியாக வந்தது. கிரீன்விச் நேரத்தை அறிவதில்தான் இடறல். வியாழனின் நிலவுகள் கிரகணம் அடையும் கணத்தை இரண்டு ஊரிலும் பார்த்து ஒப்பிடுவார்கள். ஆனால் நிலவு சட்டென்று அணையாது, விளக்குத் திரி மாதிரி மெல்ல மங்கும். 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு இழுத்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது, எல்லாத் தீர்க்கரேகைக்கும் தொடக்கப்புள்ளி இந்த வானாய்வுக்கூடம்தான். பின்னர் கடலடித் தந்திக் கம்பி வந்தது. நேரத்தைக் கம்பி வழியாகவே அனுப்பி ஒப்பிட்டபோது பழைய கணக்கில் இரண்டரைக் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) மிகை என்று தெரிந்தது. வினாடியில் சொன்னால் வெறும் பத்து. நிலத்தில் நாலு கிலோமீட்டருக்கு மேல். பழைய சர்வே வரைபடங்களில் கன்னியாகுமரி முதல் இமயம் வரை எல்லா ஊரும் அந்த அளவு கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது.

வானாய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1820-21-ல் செய்த வேலையைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. பரங்கிமலையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவார்கள். தீப்பொறி தெரிந்த கணத்தில் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தினால் ஒலியின் வேகம் கிடைக்கும். பரங்கிமலை வானாய்வுக்கூடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர். சத்தம் வந்துசேர 26 வினாடி போல ஆகும். வெப்பமும் காற்றும் மாறும்போது வேகமும் மாறுவதை அவர் பதிந்து வைத்தார். இரண்டு நூற்றாண்டுக்கு முன் சென்னை எவ்வளவு அமைதியான ஊர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தூணில் எழுதிய நோக்கத்தைப் பற்றிய பழைய பதிவு கொஞ்சம் ஜம்பம் அடிக்கிறது. பிரிட்டிஷாரின் தாராளத்தால் ஆசியாவில் முதன்முதல் கணித அறிவியல் ஊன்றிய காலத்தை, ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் அறியட்டுமாம். படித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புதான். ஏனென்றால் பதிலும் அவர்கள் ஆளிடமிருந்தே வந்தது. 1805 முதல் சில ஆண்டுகள் இங்கே பொறுப்பிலிருந்த ஜான் வாரன், 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கருவி இல்லை, தாள் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. வரைபடக்காரருக்கு 4 நிமிடம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். கிரகணக் குளியலுக்கு எப்போது ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று கேட்பவருக்கு அது ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டு கணக்குகளும் சந்தித்தது சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற ஒரே மனிதரிடத்தில். 1840 வாக்கில் இளம் வயதில் வானாய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1867-ல் தென்வானத்து ரெட்டிகுலம் தொகுதியில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கம் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் போட்டார். சனிப்பெயர்ச்சி வாக்கியப்படி ஒரு தேதி, திருக்கணிதப்படி இன்னொரு தேதி என்று இன்றும் வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கில், ஒரு கட்சி வாதம் அந்தத் தூணின் நிழலிலிருந்து வருகிறது.

1899-ல் வானியல் கொடைக்கானலுக்கு மாறிப்போனது. நுங்கம்பாக்கத்தில் வானிலை தங்கியது. இரயில்களை ஓட்டிய சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 முதல் அதன் இடத்தில் ஐந்தரை மணி வந்து உட்கார்ந்தது. அந்த 9 நிமிடத்தை நம் கைக்கடிகாரம் மறந்துவிட்டது, சூரியன் மறக்கவில்லை.

மார்ச் 23 அன்று போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். சென்னைக்கு உச்சி 9 நிமிடம் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் மார்ச் கடைசியில் சூரியன் இன்னும் ஆறேழு நிமிடம் பின்தங்கி வரும். 12 மணி 15 நிமிடம் தாண்டியதும் தூணின் பக்கத்தில் நில்லுங்கள். மரக்கிளை மறைக்காமல் வெயில் விழுந்தால், 15 அடிக் கல்லின் நிழல் மூன்றடிக்குச் சுருங்கி நேர் வடக்கே கிடக்கும்.