தேர்வு வேளையில் மனப் பதற்றம்

மார்ச் மாதம் நெருங்க நெருங்க, மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் அழைக்காத விருந்தாளி ஒருவர் வந்து தங்கிவிடுகிறார். உணவு வேளையில் பக்கத்தில் அமர்ந்துகொள்வார். இரவு இரண்டு மணிக்குத் தட்டி எழுப்புவார். அவர் பெயர் பதற்றம். அவரை வரவேற்கும் முறையில் வீட்டில் தொலைக்காட்சி ஓய்வெடுக்கிறது. உறவினர் திருமணத்திற்கு அப்பா மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வருகிறார். ஹால் டிக்கெட்டும் பேனாவும் கபாலீசுவரர் சந்நிதியிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதாவின் பாதத்திலும் வைத்து எடுக்கப்படுகின்றன. பெரியவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்: “பயப்படாதே!” இந்த அறிவுரையால் பயம் தெளிந்த மாணவி ஒருத்தியை நாம் இதுவரை சந்தித்ததில்லை.

பயப்படாதே என்று சொல்வதைவிடப் பயம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது பயன்தரும். அது நம் உடலில் எங்கே பிறக்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்று பார்ப்போம்.

1895ஆம் ஆண்டு எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மாணவராக இருந்த வால்ட்டர் கேனன் என்பவர், உணவு வயிற்றில் எவ்வாறு செரிக்கிறது என்பதை அக்கதிர்களின் துணையால் பூனைகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். இரைப்பை அலையலையாய் அசைவது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பூனை மிரண்டாலோ சினங்கொண்டாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுபோயிற்று. பூனை அமைதியடைந்த பிறகுதான் வயிறு மீண்டும் வேலையைத் தொடங்கியது. பரீட்சை நாள் காலையில் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் இட்லி உள்ளே இறங்க மறுப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அது பிடிவாதமன்று; வயிறு விடுமுறை எடுத்துக்கொண்டுவிட்டது.

கேனன் பிற்காலத்தில் இதை மேலும் ஆராய்ந்து, ஆபத்து எதிர்ப்படும்போது உடல் போரிடவோ ஓடித் தப்பவோ தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தம் கை கால்களின் பெருந்தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் விரல் நுனிகள் குளிர்கின்றன. வாய் உலர்கிறது. மூச்சு வேகமாகி, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் தலை சுற்றுவது போலவும் விரல்கள் மரத்துப்போவது போலவும் தோன்றுகிறது. இவை ஒவ்வொன்றும் புலியைக் கண்டவனுக்கு மிகவும் பயன்படக்கூடியவை. வேதியியல் வினாத்தாளைக் கண்டவளுக்கு ஒரு பயனும் இல்லை! நம் உடலுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்பதே தொல்லை. தேர்வு அறையில் நெஞ்சு படபடக்கும்போது “எனக்கு ஏதோ ஆகிவிட்டது” என்று மாணவி நினைக்கிறாள். அந்த நினைப்பே புதிய அச்சமாகிப் படபடப்பை இரட்டிப்பாக்குகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இங்கே தன் இதயத்துடிப்பே அவளுக்குப் பேயாகிவிடுகிறது.

நன்றாகப் படித்த பாடம் மறந்துபோவதற்கும் காரணம் உண்டு. ஒரு நேரத்தில் நம் மனம் கையாளக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. அதை ஒரு சிறிய மேசை என்று கொள்வோம். “தோற்றுவிட்டால் என்ன செய்வது? அப்பா என்ன சொல்வார்? பக்கத்துப் பெண் இரண்டாம் தாள் வாங்கிவிட்டாளே!” என்ற கவலைகள் அந்த மேசையில் பரப்பி வைக்கப்பட்டிருந்தால், கணக்கைப் போட இடம் எங்கே? பாடம் அழிந்துபோகவில்லை. அலமாரியில் பத்திரமாகவே இருக்கிறது. எடுத்து வைக்க இடமில்லை, அவ்வளவுதான். தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் விடை பளிச்சென்று நினைவுக்கு வருவதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்!

அப்படியானால் அச்சமே கூடாதா? வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்றே அறிவுடைமை அதிகாரத்தில் கூறுகிறார். சிறிதளவு கலக்கம் நம்மைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறது. ஒரு கலக்கமும் இல்லாதவள் பிப்ரவரி வரை புத்தகத்திற்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பாள். அளவு மீறும்போதுதான் அது பகையாகிறது.

அளவு மீறச் செய்வது எது? பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவது, மதிப்பெண்தான் மதிப்பு என்று எண்ணுவது ஆகியவற்றை எல்லாரும் அறிவர். நாம் அதிகம் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று நமக்குத் தோன்றுகிறது. அதன் பெயர் ஒத்திப்போடுதல்.

ஒருத்திக்கு இயற்பியலில் மின்னியல் பாடம் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சில் ஒரு சிறு கனம். “நாளை பார்க்கலாம்” என்று மூடுகிறாள். உடனே கனம் இறங்கிவிடுகிறது, என்ன சுகம்! இந்தச் சுகம் ஒரு கூலி. புத்தகத்தை மூடியதற்குக் கிடைத்த கூலி. கூலி கிடைத்த வேலையை மனம் மறுநாளும் செய்யத்தானே செய்யும்? மறுநாள் புத்தகம் முன்னிலும் கனமாகத் தெரிகிறது. அதை விட்டு விலகும் ஆசையும் வளர்கிறது. பாடம் கடினமாக இருப்பது ஒரு பங்குதான். மீதி, பார்க்காமலே விட்டதால் இருட்டில் வளர்ந்தது. சோம்பேறி என்று பட்டம் சூட்டப்பட்ட மாணவியரில் பலர் உண்மையில் பயந்தவர்கள். பெற்றோர் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இதற்கு மருந்து ஒரே பாய்ச்சலில் பாடம் முழுவதையும் முடிப்பதன்று. மூடிய பக்கத்தைத் திறந்து, பத்து நிமிடமாவது, அந்தக் கனம் தானே இறங்கும்வரை அதனுடன் உட்கார்ந்திருப்பது. ஆம், அது தானாகவே இறங்கும். எந்த உடலாலும் அபாயமணியை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இதை வெறும் செய்தியாகக் கேட்டு நம்புவது கடினம். இரண்டு மூன்று முறை இருந்து பார்த்தவளுக்கே தெரியும்.

படிக்கும் முறையும் பயத்தைக் கூட்டும், குறைக்கும். திரும்பத் திரும்ப வாசிப்பதே நம்மில் பலர் வழக்கம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தனர். இதில் சுவையான செய்தி, மீண்டும் மீண்டும் வாசித்தவர்களுக்குத்தான் தங்களுக்குப் பாடம் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை மிகுந்திருந்தது! புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது முதலில் கசக்கும். ஆனால் வீட்டில் இருபது முறை வெற்றுத்தாளைச் சந்தித்தவளுக்குத் தேர்வு அறையின் வெற்றுத்தாள் அறிமுகமில்லாத முகமன்று.

தேர்வு நாளுக்கான ஒரு வழியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011இல் வெளியிட்டனர். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை ஒளிக்காமல் தாளில் எழுதித் தீர்த்த மாணவர்கள் முன்னைவிட நன்றாக எழுதினர். மேசையில் கிடந்த சாமான்களை அப்புறப்படுத்துவது போலத்தான் இது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாரும் திருத்த வேண்டியதில்லை.

நம் மாநிலப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே முதல் பத்து நிமிடம் தரப்படுகிறது. எழுத முடியாத அந்தப் பத்து நிமிடம் பலருக்குப் பெரும் சோதனை. அதில் முதல் ஒரு நிமிடத்தை மூச்சுக்குக் கொடுக்கலாம். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிட வேண்டும். மூச்சை வெளிவிடும் வேளையில் இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. அதை நீட்டுவதால் உடலுக்கு “புலி போய்விட்டது” என்று செய்தி போகிறது. பிறகு வினாத்தாளைப் புரட்டி, நன்கு தெரிந்த ஒரு வினாவைத் தேடிப் பிடிக்கலாம். இன்னொன்று: இரவு முழுவதும் விழித்திருக்க மூன்றாவது டம்ளர் காப்பி குடிப்பவர்கள் கவனிக்க. காப்பியே நெஞ்சைப் படபடக்கச் செய்யும். தூக்கத்தில்தான் படித்தது மூளையில் உறுதிப்படுகிறது. விளம்பரங்களில் வரும் ஞாபகசக்தி மருந்துகளுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல தலையணை ஒன்று வாங்கலாம்.

பதற்றத்தின் காரணம் எல்லாமே மாணவியின் மனத்துக்குள்தான் என்று சொல்லிவிட்டால் அது அநீதி. தேர்வு முறையும் பயமுறுத்துவதாகவே இருந்தது. மே மாதம் முடிவு வரும்; பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவர் மறுதேர்வு எழுதித் தேறுவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து, ஓர் ஆண்டே கைநழுவிப் போகும். அந்த ஓர் ஆண்டைத் தாங்க முடியாது என்று எண்ணி உயிரையே விட்ட பிள்ளைகள் நம் மாநிலத்தில் உண்டு. இதைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். பேசாமல் இருந்ததால் எவரும் காப்பாற்றப்படவில்லை.

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நம் சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். துயருற்றவர் தொலைபேசியில் அழைத்தால் கடிந்துகொள்ளாமல், உபதேசம் செய்யாமல் கேட்கும் தொண்டர்களே அதன் பலம். தேர்வு முடிவு நாட்களில் வந்த அழைப்புகளிலிருந்து அவர்கள் கண்ட உண்மை எளியது: தோல்வி வலிக்கிறது, ஆனால் அடுத்த வாய்ப்புக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதே நம்பிக்கையை முறிக்கிறது. உடனே மறுதேர்வு நடத்த வேண்டும் என்று அவர்கள் அரசை வலியுறுத்தினர். 2000ஆம் ஆண்டைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் உடனடித் தேர்வு முறை நம் மாநிலத்தில் நிலைபெற்றது. தவறியவர் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். 2017இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தர வரிசை அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது. தெருமுனைப் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள் மட்டும் இன்னும் கைவிடவில்லை!

இந்த வழிகளையெல்லாம் செய்தும் சிலருக்குப் பதற்றம் அடங்குவதில்லை. பல வாரங்களாகத் தூக்கமில்லை, உணவு செல்லவில்லை, பள்ளிக்கு வரவே மனம் ஒப்பவில்லை, வாழ்வில் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இங்கேதான் நம் ஊரில் ஒரு பெரிய தடை நிற்கிறது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஊர்ப் பெயராக மட்டும் வழங்கவில்லை. ஒருவரை ஒருவர் கேலி செய்யும் சொல்லாகவும் வழங்குகிறது. நாமும் அறியாமல் சொல்லிச் சிரித்திருப்போம். 1794இல் தொடங்கிய அரசு மனநல நிலையம் அங்கே இருப்பதே காரணம். அங்கு 1959இல் பணியேற்று, பல்லாண்டுகள் கண்காணிப்பாளராக விளங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். நோயாளிகள் வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் வெளிநோயாளர் பிரிவு அவர் காலத்தில்தான் அங்கு உருவாயிற்று. 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கி, 1992இல் பத்மபூஷண் விருது பெற்று, 2021இல் தம் 98ஆம் வயதில் மறையும்வரை, மனநோயும் மற்ற நோய்களைப் போல மருத்துவம் பார்க்க வேண்டிய நோயே என்பதை ஊருக்கு உணர்த்தியவர் அவர். பல்வலிக்குப் பல் மருத்துவரிடம் போக எவரும் நல்ல நாள் பார்ப்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். தேர்வு எழுதிவிட்டு வரும் மகளிடம் வாசலிலேயே “எத்தனை வரும்?” என்று கேட்காதீர்கள். வினாத்தாளை வைத்துக்கொண்டு விடைகளைச் சரிபார்க்கும் விசாரணை மன்றமும் வேண்டாம். அடுத்த தேர்வுக்கு இன்னும் இரண்டு நாட்களே இருக்கும். “சாப்பிட்டாயா?” போதும். வாட்சப் குழுக்களில் மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்களைத் தேடுவதை முடிவுகள் வெளிவந்து ஒரு வாரமாவது நிறுத்தி வையுங்கள். மகள் ஒரேயடியாக மௌனமாகிவிட்டாலோ, தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்பதுபோல் ஏதேனும் சொன்னாலோ, விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாமல், அருகிலமர்ந்து நேராகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மருத்துவர்கள் உறுதியாகக் கூறுகின்றனர்.

வீட்டில் சொல்ல இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நம் மாநிலத்தின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தோழியரே, இவ்விரு எண்களையும் பள்ளிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், வீட்டு முகவரிக்குக் கீழே, இன்றே எழுதி வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து மேசைக்காரிக்குத் தேவைப்படலாம்.