மாயக் காதல் – 9: டிராகன் பார்த்த வரன்

மழையில் நனைந்த ஒடுங்கிய கல்பாலம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, கீழே அதலபாதாளம். அதில் ஏறுவதற்கு முன் வயலெட் சோரன்கேல் தன் ரப்பர் அடி வைத்த பூட்ஸில் ஒன்றைக் கழற்றி, முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்து, அவளுடைய வழுக்கும் பூட்ஸில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். இனி இருவருக்கும் ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) நாவலில் போர்க் கல்லூரியின் டிராகன் வீரர் பிரிவுக்கு இந்தப் பாலத்தைக் கடப்பதுதான் நுழைவுத் தேர்வு.



வயலெட் எழுத்தர் பிரிவுக்குப் படித்தவள். மூட்டுகள் சட்டென்று நழுவிவிடும் உடம்பு. தளபதியான தாயின் பிடிவாதத்தால் டிராகன் வீரர் பிரிவுக்கு வருகிறாள். யாரோஸுக்கும் ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற மூட்டுத் தளர்ச்சி நோய் உண்டு; கணவர் ராணுவத்தில் இருந்தவர். 'ஃபோர்த் விங்' தொடரின் மூன்றாம் நாவல் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கல்லூரியில் ஆசிரியர் போடும் மதிப்பெண்ணால் யாரும் வீரராகிவிட முடியாது. டிராகன்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மனத்துக்குள் நுழைந்து பேசுவதால் அதனிடம் நடிப்பும் செல்லாது. ஒல்லிப் பெண்ணான வயலெட்டை டெய்ர்ன் என்ற மாபெரும் கறுப்பு டிராகன் ஏற்கிறது. அதன் துணை ஸ்கேயல் ஏறிச்செல்ல இடம் கொடுத்திருப்பதோ ஸேடனுக்கு. வயலெட்டின் தாய் ஒடுக்கிய கிளர்ச்சியின் தலைவருடைய மகன் அவன். துணை சேர்ந்த டிராகன்கள் சில நாட்களுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது என்பது விதி. பகையாளி வீட்டுப் பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் தவிர்க்கவே முடியாது. தரகர் வேலையை டிராகன்கள் பார்த்துவிடுகின்றன.

இந்தத் தரகுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். ஆன் மெக்காஃப்ரியின் 'வெயர் சர்ச்' 1967-இல் 'அனலாக்' இதழில் வந்தது. மறு ஆண்டு அதற்குக் கிடைத்த ஹ்யூகோ விருது, புனைவுக்காக ஒரு பெண் வாங்கிய முதல் ஹ்யூகோ. அவருடைய பெர்ன் கிரகத்து டிராகன்களுக்கு நெருப்பு மந்திரத்தால் வருவதில்லை. வீரர்கள் மூட்டையிலிருந்து ஒருவகைக் கல்லை எடுத்து ஊட்ட, அவை வெற்றிலை மெல்வதுபோல் மென்று விழுங்குகின்றன. வயிற்று அமிலம் பட்டுக் கிளம்பும் வாயு வெளிக்காற்றில் பற்றிக்கொள்கிறது. அங்கே வீரர் இறந்தால் டிராகன் உடன்கட்டை ஏறும். டிராகனை இழந்த வீரர் பெரும்பாலும் பாதி உயிராக நடமாடுவார். யாரோஸ் இதைப் புரட்டிப்போட்டார்: டிராகன் போனால் வீரர் காலி, வீரர் போனால் டிராகன் பொதுவாகப் பிழைத்துக்கொள்ளும்.

பெர்னில் ராணி டிராகன் ராமோத்தும் அதன் இணையும் சேரப் பறக்கும்போது, அந்த வேட்கை அவற்றோடு மனம் பிணைந்த வீரர்கள் லெஸ்ஸாவையும் ஃப்லாரையும் அடித்துக்கொண்டு போகிறது. அந்தப் பெண்ணின் சம்மதம் எங்கே என்று இன்றைய வாசகர் கேட்பதில் தப்பில்லை. யாரோஸ் அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டார். டிராகன்களின் வேட்கை வீரர்களுக்குள்ளும் கசியத்தான் செய்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் புத்தி அவர்களிடம் மிஞ்சுகிறது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் அந்த நாட்கள்தான் வாசகரைப் பக்கம் புரட்ட வைப்பவை.

மாணவர்கள் கொத்துக்கொத்தாகச் சாகும் கல்லூரியில் சேர வாசகருக்கு ஏன் இத்தனை ஆசை என்பதுதான் இந்த வாரம் எழுத நினைத்த விஷயம். கல்லை மென்ற டிராகன்கள் அதையும் விழுங்கிவிட்டன. அது அடுத்த வாரம்.